கல்கத்தா லீக்கில் ஐந்து மழைக்காலங்கள்: முகம்மதன் ஸ்போர்ட்டிங் வரலாறு





நெமிலி, பனப்பாக்கம், காவேரிப்பாக்கம் சுற்றுப்புறங்களில் அஸர் தொழுகை முடிந்தபின் காலி மனை கிடைத்த இடத்திலெல்லாம் பந்து உருளுகிறது. ஆடுபவர்கள் சிறுவர்கள் அல்லர். ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைகளில் ஷிப்டு முடித்து வருபவர்களும், கடை வைத்திருப்பவர்களும், திருமணமாகிப் பிள்ளை பெற்றவர்களும் அவர்களில் உண்டு. ஞாயிறுதோறும் ஊர் ஊராகச் சென்று ஆடும் லீக் ஒன்றை நடத்தலாமே என்ற பேச்சு அவர்களிடையே அவ்வப்போது எழுகிறது. எழும்போதெல்லாம் இரண்டு கேள்விகளும் கூடவே வருகின்றன. வயது வந்த ஆண்கள் பந்தின் பின்னால் ஓடுவது வீண் விளையாட்டு அல்லவா என்பது பெரியவர்கள் கேட்பது. நம் பிள்ளைகள் மட்டும் சேர்ந்து ஓர் அணி அமைப்பதா, ஊரார் எல்லாரையும் சேர்த்துக்கொள்வதா என்பது இளைஞர்கள் கேட்பது.

முதல் கேள்விக்கு நீண்ட பதில் தேவையில்லை. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப்பந்தயம் ஓடியதும், பெருநாளன்று அபிசீனியர்கள் பள்ளிவாசலில் ஈட்டி விளையாடியதை அன்னையார் காணும்படி நின்றதும் ஹதீஸ் நூல்களில் பதிவாகியுள்ளவை. ஓதிக் களைத்த பிள்ளையை விளையாட விடாமல் தடுத்தால் அதன் உள்ளம் செத்துவிடும் என்று எச்சரித்தவர் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள். எட்டு மணி நேரம் டிரம் அருகே நின்று ஈரத்தோல் தூக்கியவனுக்கும் உள்ளம் ஒன்று இருக்கிறது. தொழுகையைத் தவறவிடாமலும், தொடை தெரியாமல் உடுத்தும், சூது கலவாமலும் ஆடுகிறவனைத் தடுக்க மார்க்கத்தில் எனக்கு ஆதாரம் தெரியவில்லை.

இரண்டாவது கேள்வி அவ்வளவு எளிதன்று. அதற்கு ஏட்டிலிருந்து தீர்ப்புச் சொல்வதைவிட, நம் நாட்டில் முஸ்லிம் அணியொன்று ஒரு வட்டார லீக்கில் இறங்கி அடைந்த உயரத்தையும், அதன்பின் நிகழ்ந்தவற்றையும் எடுத்துரைப்பது பயன் தரும் என்று கருதுகிறேன். அந்த அணி கல்கத்தாவின் முகம்மதன் ஸ்போர்ட்டிங் கழகம்.

கல்கத்தா கால்பந்து லீக் 1898-இல் தொடங்கியது. ஆசியாவின் மிகப் பழைய லீக்குகளில் அதுவும் ஒன்று. தொடக்கத்தில் அது வெள்ளையரின் ஆட்டம். ராணுவப் படைப்பிரிவுகளும், கல்கத்தா, டல்ஹவுசி போன்ற ஐரோப்பியர் கழகங்களும் தமக்குள் ஆடிக்கொண்டன. இந்திய அணிகளுக்கு 1914-இல்தான் இரண்டாம் பிரிவில் இடம் கிடைத்தது. அடுத்த ஆண்டு மோகன் பகான் முதல் பிரிவுக்கு ஏறியது. அப்போதும் முதல் பிரிவில் இரண்டு இந்திய அணிகளுக்கு மேல் இருக்கக் கூடாது என்றொரு விதி இருந்தது. திறமை இருந்தும் வாசலில் நிற்க வேண்டிய நிலை. 1925-ஐ ஒட்டி ஈஸ்ட் பெங்கால் கழகம் உயர்ந்து வந்த வேளையில்தான் அந்தத் தடை தளர்ந்தது.

லீக் என்பதற்கும் கோப்பைப் போட்டி என்பதற்கும் உள்ள வேறுபாட்டை இங்கே சொல்லியாக வேண்டும்; நம் ஊர்ப்பக்கத்தில் நடப்பவை பெரும்பாலும் கோப்பைப் போட்டிகளே. ஒரு நாள் அல்லது இரண்டு நாள், தோற்றவர் வெளியேற, வென்றவர் மேலே செல்ல, ஞாயிறு மாலையில் பரிசளிப்பு. அதில் அதிர்ஷ்டத்திற்கு இடம் உண்டு. எதிரணியின் நல்ல ஆட்டக்காரனுக்குக் காய்ச்சல் வந்தால் போதும். லீக்கில் ஒவ்வோர் அணியும் மற்ற எல்லா அணிகளுடனும் மோத வேண்டும். அக்கால முறைப்படி வெற்றிக்கு 2 புள்ளி, சமநிலைக்கு 1 புள்ளி. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் அந்தப் புள்ளிகளைச் சேர்க்க வேண்டும். ஒரு நாள் வீரம் அங்கே செல்லாது. குறைவாயினும் நிலைத்துச் செய்யப்படும் அமலே அல்லாஹ்வுக்கு மிக உவப்பானது என்ற நபிமொழியை மாணவர்களுக்கு விளக்கும்போது எனக்கு லீக் ஆட்டம் நினைவுக்கு வருவதுண்டு. இஸ்திகாமத் இல்லாதவனுக்கு லீக் இல்லை.

1911 ஜூலை 29 அன்று மோகன் பகான் அணி ஐ.எப்.ஏ. ஷீல்டு இறுதியாட்டத்தில் கிழக்கு யார்க்ஷயர் படைப்பிரிவை 2-1 என்று வென்றது. ஒருவரைத் தவிர எல்லாரும் வெறுங்காலோடு ஆடினர். நாடு முழுவதும் கொண்டாடியது. கொண்டாடியவர்களில் கல்கத்தா முஸ்லிம்களும் இருந்தனர் என்பது இன்று மறந்துபோன செய்தி. அக்கால முஸ்லிம் இதழ்கள் அந்த வெற்றியைத் தம் வெற்றியாகவே எழுதின. இதை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும். ஆயினும் ஷீல்டை வென்ற மோகன் பகானுக்கு லீக் பட்டம் மட்டும் எட்டவில்லை. 1911-க்குப் பிறகு இருபத்திரண்டு ஆண்டுகள் கடந்தும் எந்த இந்திய அணியும் லீக்கை வெல்லவில்லை.

முகம்மதன் ஸ்போர்ட்டிங் கழகத்தின் வேர் 1887-இல் தொடங்கப்பட்ட ஜூபிலி கழகம். கிரஸென்ட், ஹமீதியா என்று பெயர்கள் மாறி, 1891-இல் இன்றைய பெயர் நிலைத்தது. அடுத்த நாற்பது ஆண்டுகளில் அதற்குப் பெரிய பெயர் எதுவும் இல்லை. சில சிறிய கோப்பைகளை வென்றது. லீக்கின் கீழ்ப் பிரிவுகளில் கிடந்தது. 1933-இல் இரண்டாம் பிரிவில் முதலிடம் பெற்று, 1934-இல் முதல் பிரிவுக்கு ஏறியது. அதற்கு முந்திய மூன்று ஆண்டுகளும் டர்ஹம் லைட் இன்பன்ட்ரி என்ற ஆங்கிலப் படைப்பிரிவே பட்டத்தை வைத்திருந்தது. புதிதாக ஏறிய அணி முதல் ஆண்டில் கீழே விழாமல் நின்றாலே பெரிது. முகம்மதன் ஏறிய அதே ஆண்டில் பட்டத்தை வென்றது. 1935-இலும் வென்றது. 1936, 1937, 1938 என்று தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் பட்டம் அதனிடமே இருந்தது. லீக்கை வென்ற முதல் இந்திய அணி என்ற பெருமை அதற்கு உரியது.

இது எப்படி நிகழ்ந்தது? சமுதாய உணர்வு, துஆ, ஆவேசம் என்று மேடையில் சொல்லப்படுவதுண்டு. அவை இருந்தன என்பதில் ஐயமில்லை. ஆனால் அவை அதற்கு முந்தைய நாற்பது ஆண்டுகளிலும்தான் இருந்தன. 1930-களில் புதிதாக வந்தவை இரண்டு: ஒன்று பூட்ஸ், மற்றொன்று ரயில்.

கல்கத்தா லீக் கோடையில் தொடங்கி மழைக்காலத்தின் ஊடே செல்வது. மைதானம் களிமண் தரை. காய்ந்திருக்கும்போது வெறுங்காலோடு ஆடும் இந்திய வீரன் பூட்ஸ் அணிந்த சிப்பாயைவிட விரைவாகத் திரும்புவான். பந்தை விரலால் வருடி எடுத்துச் செல்வான். மழை விழுந்துவிட்டால் கதை தலைகீழாகும். சேற்றில் வெறுங்கால் வழுக்கும். பூட்சின் அடியில் ஆணியடித்த தோல் குமிழ்கள் இருக்கும். அவை மண்ணைக் கவ்வும். இந்திய அணிகள் மே மாதத்தில் முன்னணியில் நின்று ஜூலையில் பின்தங்கியதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

பந்தும் அப்படியே. தோல் வட்டாரத்தில் வாழும் நமக்கு இதை எளிதாக விளக்கலாம். அக்காலப் பந்து தோல் துண்டுகளைத் தைத்து, உள்ளே ரப்பர் பிளாடரை வைத்து, வாயை நாடாவால் இறுக்கிக் கட்டியது. பட்டை போட்டுப் பதனிட்ட தோல் நீரைக் குடிக்கும் என்பது ஆவாரம்பட்டைத் தொட்டியைக் கண்ட எந்தப் பெரியவருக்கும் தெரியும். மழையில் அரை மணி நேரம் உருண்ட பந்து கல்லைப் போல் கனக்கும். அதை வெறும் பாதத்தால் உதைப்பதும், நாடா முடிச்சு நெற்றியில் படத் தலையால் முட்டுவதும் எத்தகைய வேதனை என்று சொல்ல வேண்டியதில்லை.

முகம்மதன் கழகத்தார் இதைக் கண்டு, ஈரத்தரையில் பூட்ஸ் அணிந்து ஆடத் தம் வீரர்களைப் பழக்கினார்கள். கேட்பதற்குச் சிறிய செய்தியாகத் தோன்றும். ஆனால் அக்காலப் பூட்ஸ் இன்று ஆம்பூரில் செய்யப்படும் மெல்லிய காலணி போன்றதன்று. கணுக்காலை மூடும் தடித்த தோல். முன்பக்கம் கட்டை போல் இறுகியது. பிறந்ததிலிருந்து வெறுங்காலில் ஆடிய ஒருவன் அதை மாட்டிக்கொண்டால் முதல் சில வாரங்களுக்குப் பந்து எங்கே இருக்கிறது என்றே அவன் காலுக்குத் தெரியாது. அந்தச் சங்கடத்தைப் பொறுத்து, பயிற்சி எடுத்து, மழை வரும் நாளுக்குத் தயாராக இருக்க வேண்டும். அதற்குப் பணம் வேண்டும். கண்டிப்பான நிர்வாகம் வேண்டும். மூத்த ஆட்டக்காரர்கள் தன்மானம் பார்க்காமல் புதிதாகக் கற்க வேண்டும். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டுமாறு நபி (ஸல்) அவர்கள் ஒரு கிராமத்து அரபிக்குச் சொன்னார்கள் அல்லவா? ஒட்டகத்தைக் கட்டும் வேலையை இந்தக் கழகம் செய்தது.

அடுத்தது ரயில். வங்காளத்து முஸ்லிம் வீரர்களை மட்டும் நம்பாமல், நாடெங்கிலுமிருந்து ஆட்டக்காரர்களை அழைத்து வந்தது முகம்மதன். வடமேற்கு எல்லைப்புறத்திலிருந்து சிலர் வந்தனர். பெங்களூரிலிருந்து சிலர் வந்தனர். பெங்களூர்க் கண்டோன்மெண்ட் நமக்குத் தொலைவான இடமன்று. ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டுக் குடும்பங்களுக்கு அங்கே சம்பந்தம் உண்டு. உருதும் தமிழும் கலந்து புழங்கும் தெருக்கள் அங்கே இன்றும் உள்ளன. தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதை 1856-இல் ராயபுரத்திலிருந்து அரக்கோணம் வழியாக வாலாஜா ரோடு வரை போடப்பட்டது. 1864-இல் ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர்க் கண்டோன்மெண்ட்டுக்குக் கிளை சென்றது. பெங்களூரில் ரயில் ஏறிச் சென்னை வழியாகக் கல்கத்தா செல்லும் ஆட்டக்காரன், வாணியம்பாடியையும் ஆம்பூரையும் கடந்து, நெமிலிக்குப் பக்கத்து அரக்கோணத்தின் வழியாகத்தான் போயிருப்பான். படைமுகாம் இருந்த இடத்தில் பந்து இருந்தது; ரயில் போன இடமெல்லாம் பந்தும் போனது. நம் வட்டாரம் அந்தப் பாதையின் மேலேயே இருக்கிறது.

பெங்களூர் முஸ்லிம்கள் வெறுமனே ஆட்டக்காரர்களைக் கொடுத்துவிட்டு அமர்ந்திருக்கவில்லை. பெங்களூர் முஸ்லிம்ஸ் என்ற பெயரிலேயே அங்கே ஓர் அணி இருந்தது. பம்பாயில் 1891 முதல் நடந்துவந்த ரோவர்ஸ் கோப்பையை 1937-இல் வென்று, அதை வென்ற முதல் இந்திய அணியாயிற்று. இறுதியாட்டத்தில் அது தோற்கடித்தது வேறு யாரையும் அல்ல, முகம்மதன் ஸ்போர்ட்டிங்கைத்தான்! 1938-இலும் கோப்பை பெங்களூருக்கே சென்றது. பெங்களூர் முஸ்லிம்ஸில் ஆடிய அகமது கான் பின்னாளில் ஈஸ்ட் பெங்கால் கழகத்தின் புகழ்பெற்ற முன்வரிசை ஐவரில் ஒருவராகவும், 1948, 1952 ஒலிம்பிக் போட்டிகளில் இந்திய வீரராகவும் விளங்கினார். தேசப் பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்கத்து இந்துக்களின் கழகமாக அறியப்பட்ட ஈஸ்ட் பெங்காலின் ரசிகர்கள் அந்த ஐவரையும் பஞ்ச பாண்டவர் என்று அழைத்தார்கள். அகமது கானும் சாலேயும் அந்தப் பாண்டவர்களில் இருவர்.

கல்கத்தாவுக்குத் திரும்புவோம். 1936-இல் முகம்மதன் லீக்கோடு ஐ.எப்.ஏ. ஷீல்டையும் வென்றது. 1911-க்குப் பிறகு, சரியாக 25 ஆண்டுகள் கழித்து, ஷீல்டு மீண்டும் ஓர் இந்திய அணியின் கைக்கு வந்தது. 1940 டிசம்பரில் டெல்லியில் நடந்த டியூராண்டு கோப்பை இறுதியாட்டத்தில் ராயல் வார்விக்ஷயர் படைப்பிரிவை 2-1 என்று வென்று, 1888-இல் தொடங்கிய அந்தப் போட்டியையும் முதன்முதலில் வென்ற இந்திய அணியாயிற்று. கவிஞர் காஜி நஸ்ருல் இஸ்லாம் இவ்வணியைப் போற்றிக் கவிதை எழுதினார். வங்காளத்தின் சிற்றூர்களில் எல்லாம் முகம்மதன் ஸ்போர்ட்டிங் என்ற பெயரில் கழகங்கள் முளைத்தன; டாக்காவில் 1936-இல் தோன்றியது இன்றும் இருக்கிறது. கல்வியிலும் அரசுப் பணியிலும் பின்தங்கிக் கிடந்த ஒரு சமுதாயத்திற்கு, வெள்ளைச் சிப்பாயைப் பதினொருவர் ஓடவிட்டுத் தோற்கடித்த காட்சி எத்தகைய மகிழ்ச்சியைத் தந்திருக்கும் என்பதை நாம் ஊகிக்கலாம். அந்த மகிழ்ச்சியை யாரும் குறை கூற முடியாது.

இன்னொரு செய்தியும் உண்டு. அந்த ஐந்து ஆண்டுகளிலும் ரமளான் மாதம் அக்டோபர் முதல் ஜனவரிக்கு உட்பட்ட குளிர்காலத்தில் வந்தது. லீக் நடந்த மாதங்களில் நோன்பு இல்லை. நம் இளைஞர்கள் லீக் அட்டவணை போடும்போது பிறையையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

அந்த அணியில் ஆடியவர்களில் முகமது சலீமைப் பற்றி மட்டுமாவது தனியே சொல்லத்தான் வேண்டும். கல்கத்தாவின் மேட்டியாபுரூஸ் பகுதியைச் சேர்ந்தவர். 1936-இல் ஸ்காட்லாந்தில் இருந்த தம் சகோதரருடன் கிளாஸ்கோ சென்று, செல்டிக் கழகத்தின் வாசலில் வாய்ப்புக் கேட்டு நின்றார். பாதங்களில் துணிக்கட்டு மட்டும் சுற்றிக்கொண்டு, வெறுங்காலோடு ஆடிக் காட்டினார். கழகத்தின் இரண்டாம் அணிக்காக இரண்டு ஆட்டங்களில் இறங்கினார். இரண்டிலும் செல்டிக் பெரும் வெற்றி பெற்றது. பத்திரிகைகள் அவரை மாய வித்தைக்காரர் போல் வருணித்தன. ஊர் நினைவு வாட்டியதால் அவர் தங்கவில்லை. அவரை நிறுத்திவைக்க விரும்பிய கழகத்தார், அவருக்காக ஓர் ஆட்டம் நடத்தி வசூலில் நூற்றுக்கு ஐந்து பங்கு தருவதாகச் சொன்னபோது, அதை அனாதைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடும்படி அவர் சொல்லிவிட்டார் என்று பின்னாளில் அவருடைய மகன் கூறியிருக்கிறார்.

சலீம் சென்று நின்ற வாசலைப் பற்றியும் சொல்ல வேண்டும். செல்டிக் கழகம் 1887-இல் கிளாஸ்கோவின் ஏழை அயர்லாந்துக் கத்தோலிக்கர்களுக்கு உணவளிக்கப் பணம் திரட்டும் நோக்கத்துடன் வால்ஃப்ரிட் என்ற மதத் துறவி தொடங்கியது. அதுவும் ஒரு சிறுபான்மைச் சமுதாயத்தின் கழகம். மதப் பள்ளியின் ஆசிரியர் ஒருவர் தொடங்கியது. (மதரஸாவில் பாடம் நடத்தும் எனக்கு இதில் ஒரு சிறு மகிழ்ச்சி.) ஆயினும் கத்தோலிக்கர் மட்டுமே ஆட வேண்டும் என்று அது கதவை மூடவில்லை, அதனால்தான் கல்கத்தா முஸ்லிம் ஒருவர் வந்து நின்றபோது அவர் காலில் பந்தைக் கொடுத்துப் பார்த்தது. அதே நகரின் ரேஞ்சர்ஸ் கழகமோ கத்தோலிக்க ஆட்டக்காரர்களை ஒதுக்கும் எழுதாத வழக்கத்தைப் பல்லாண்டுகள் பின்பற்றி, 1989-இல் மோ ஜான்ஸ்டனைச் சேர்த்தபோதுதான் அதைக் கைவிட்டது. அவ்விரு கழகங்களின் ரசிகர்களிடையே எத்தனை தலைமுறைப் பகை வளர்ந்தது என்பதை உலகம் அறியும்.

கல்கத்தாவிலும் அந்த நோய் பரவியது. முகம்மதன் வென்ற ஆண்டுகள் அரசியல் கொதித்த ஆண்டுகள். 1932-இல் வகுப்புவாரித் தொகுதிகள் பற்றிய அறிவிப்பு, 1935-இல் புதிய அரசியல் சட்டம், 1937-இல் தேர்தல், வங்காளத்தில் பஸ்லுல் ஹக் தலைமையில் அமைச்சரவை. இப்பின்னணியில் ஒவ்வொரு கோலும் வாக்குச்சீட்டு போல் எண்ணப்பட்டது. 1911-இல் மோகன் பகானின் வெற்றியை முஸ்லிம் இதழ்கள் கொண்டாடின என்று முன்னே சொன்னேன். 1934-க்குப் பிறகு முகம்மதனின் வெற்றியைத் தம் வெற்றியாகக் கொண்டாடியவர்கள் இந்துக்களிலும் தொடக்கத்தில் இருந்தார்கள். ஆண்டுகள் செல்லச் செல்ல அவர்கள் குறைந்தார்கள். குற்றம் ஒரு பக்கத்தில் மட்டும் இல்லை. அணியின் வெற்றியைத் தம் கட்சியின் வெற்றியாகக் காட்டிய தலைவர்கள் நம்மிடம் இருந்தார்கள். அணியின் தோல்வியை ஒரு சமுதாயத்தின் தோல்வியாகக் காண விரும்பியவர்கள் அந்தப் பக்கம் இருந்தார்கள். பம்பாயில் இந்து, முஸ்லிம், பார்சி, ஐரோப்பியர், ஏனையோர் என்று மதவாரியாக அணி பிரித்து ஆடிய கிரிக்கெட் போட்டியை 1940-இல் காந்தியடிகள் வெளிப்படையாகவே எதிர்த்தார். அது 1946-இல் நின்றுபோனது.

ஆனால் மைதானத்துச் சண்டைகள் எல்லாவற்றையும் மதச் சண்டையாகவே படிப்பதும் பிழை. 1939-இல் கால்பந்துச் சங்கத்துடன் ஏற்பட்ட பிணக்கில் முகம்மதன் லீக்கிலிருந்து விலகியபோது, உடன் விலகிய கழகங்களில் ஈஸ்ட் பெங்காலும் ஒன்று. அந்த ஆண்டு மோகன் பகான் தன் முதல் லீக் பட்டத்தை வென்றது. 1940, 1941 ஆண்டுகளில் முகம்மதன் திரும்ப வந்து மீண்டும் பட்டம் பெற்றது.

கழகங்களின் கூடாரங்களும் ஆடுகளங்களும் உள்ள கல்கத்தா மைதானம் என்பது நகரின் நடுவே பரந்து கிடக்கும் ஒரே வெளி. அதே வெளியில், ஆக்டர்லோனி நினைவுத்தூணின் அடியில், 1946 ஆகஸ்டு 16 அன்று முஸ்லிம் லீக்கின் நேரடி நடவடிக்கை நாள் பொதுக்கூட்டம் நடந்தது. அன்றும் அடுத்த நாட்களிலும் நகரில் நடந்த படுகொலைகளில் இரு தரப்பிலும் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். சில ஆண்டுகளுக்கு முன்வரை மழையில் நனைந்தபடி பூட்சின் தடத்தையும் வெறுங்காலின் தடத்தையும் பார்த்து ஆரவாரித்தவர்கள், அந்த நாட்களில் எந்தத் தெருவில் எந்தப் பக்கம் நின்றார்கள் என்று எண்ணும்போது நெஞ்சு நடுங்குகிறது. கால்பந்து அந்தக் கொலைகளுக்குக் காரணம் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது வரலாற்றுக்கு இழைக்கும் அநீதி. ஆனால் ஞாயிறுதோறும் எதிரெதிரே நின்று கைகுலுக்கிய பழக்கம் ஒரே அணியில் தோளோடு தோள் நின்ற பழக்கமாக முதிர்ந்திருந்தால், சில கதவுகளாவது அந்த இரவுகளில் திறந்திருக்கும் என்று நம்புகிறேன்.

நாடு பிரிந்தபின் கழகத்தின் ஆதரவாளர்களில் பலர் கிழக்குப் பாகிஸ்தானுக்குப் போய்விட்டனர். ஆயினும் 1948-இல் முகம்மதன் மறுபடி லீக்கை வென்றது. 1957, 1967, 1981 ஆண்டுகளிலும் வென்றது. பிறகு நாற்பது ஆண்டுகள் வறட்சி. 2021-இல்தான் அடுத்த பட்டம். 2022, 2023 ஆண்டுகளிலும் அதுவே தொடர்ந்தது.

இங்கே நம் இளைஞர்களுக்குப் பணம் பற்றி ஒரு செய்தியைச் சொல்லிவிட வேண்டும். பலர் அறியாமலேயே தவறில் விழுகிறார்கள். முகம்மதன் ஆடிய காலத்தில் இந்தியக் கால்பந்து சட்டப்படி அமெச்சூர் ஆட்டம். ஆட்டத்துக்குக் கூலி கிடையாது. நம் பகுதிப் போட்டிகளில் ஒவ்வோர் அணியிடமும் நுழைவுக் கட்டணம் வசூலித்து, அந்தப் பணத்தையே திரட்டி வென்றவருக்குப் பரிசாகக் கொடுப்பது வழக்கமாக இருக்கிறது. எல்லாரும் பணம் போட்டு ஒருவர் அள்ளிச் செல்வது கிமார் எனும் சூதில் சேரும் என்பது பெரும்பாலான மார்க்க அறிஞர்களின் நிலைப்பாடு. கட்டணத்தைத் திடல் வாடகைக்கும், நடுவருக்கும், பந்துக்கும், முதலுதவிக்கும் செலவழிக்கலாம். பரிசு தர வேண்டுமென்றால் ஆட்டத்தில் பங்கில்லாத ஒருவர், ஒரு கடைக்காரரோ ஜமாஅத்தோ, தம் கைப்பொருளிலிருந்து கொடுப்பதில் இடம் உண்டு என்று பலர் கூறியுள்ளனர். தம் மத்ஹபின் ஆலிமிடம் கேட்டுத் தெளிவது நல்லது. உடையிலும் மத்ஹபு வேறுபாடு உண்டு. நம் தோல் வட்டாரத்தில் பெரும்பாலோர் ஹனஃபிகள். அவர்களுக்கு முழங்காலும் மறைக்க வேண்டிய பகுதியே. முழங்காலுக்குக் கீழ் இறங்கும் கால்சட்டை இப்போது எந்தக் கடையிலும் கிடைக்கிறது. ஆட்டத்தை மஃரிபுக்குப் பத்து நிமிடம் முன்னதாக முடிக்கும்படி நேரம் குறித்தால், பள்ளியில் முதல் வரிசையில் வியர்வையோடு நிற்பவர்களைப் பார்த்துப் பெரியவர்களின் முணுமுணுப்பு தானே அடங்கும்.

அணியில் யாரைச் சேர்ப்பது என்ற கேள்வி எஞ்சுகிறது. என் விடை இந்நேரம் வாசகர்களுக்கு விளங்கியிருக்கும். தெருவின் பெயரில், ஊரின் பெயரில் அணி இருக்கட்டும். ராணிப்பேட்டைத் தொழிற்சாலையில் ஒரே மேசையில் தோல் வெட்டுகிறவர்கள் ஒரே அணியில் ஆடட்டும். பிறையும் நட்சத்திரமும் சட்டையில் இருக்க வேண்டும் என்று விரும்புகிறவர்களைத் தடுக்க மாட்டேன். ஆனால் அந்தச் சட்டையை யார் அணியலாம் என்பதற்கு முகம்மதன் ஸ்போர்ட்டிங் கழகமே இன்று தரும் விடையைப் பார்க்கும்படி கேட்டுக்கொள்வேன்.

2023-24 பருவத்தில் முகம்மதன் ஐ-லீக் பட்டத்தை வென்று, நாட்டின் முதல்நிலைப் போட்டியான ஐ.எஸ்.எல்.லுக்கு உயர்ந்தது. பட்டத்தை உறுதி செய்த ஆட்டம் 2024 ஏப்ரல் 6 அன்று, ரமளானின் கடைசிப் பத்தில், ஷில்லாங்கில் நடந்தது. பயிற்சியாளர் ரஷ்யாவைச் சேர்ந்தவர். அணியில் வங்காள முஸ்லிம்களும், மிசோரம் கிறிஸ்தவர்களும், உஸ்பெகிஸ்தான் நாட்டவரும் இருந்தனர். ஷில்லாங் லஜாங்கை 2-1 என்று வென்ற அந்த ஆட்டத்தில் கருப்பு வெள்ளைச் சட்டையில் முதல் நிமிடத்திலேயே கோல் அடித்தவர் அர்ஜென்டினாவின் அலெக்சிஸ் கோமஸ். இரண்டாவது கோலை அடித்தவர் ரஷ்யாவின் எவ்கேனி கோஸ்லோவ்.